அக்கா மகன் பிரித்த பெட்டி

அன்புள்ள ஐயா,

எனக்குக் காவேரிப்பட்டணம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பத்து வருடமாக ஸ்டார் வார்ஸ் என்ற அமெரிக்க விண்வெளிப் படங்களின் நாவல்கள், காமிக்ஸ், பொம்மைகள் சேர்த்து வருகிறேன். ஒரு பீரோ நிறைய இருக்கிறது. புத்தகங்களில் பாதிக்கு மேல் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியவை. பொம்மை எதையும் பெட்டியிலிருந்து பிரித்ததில்லை. பிரித்தால் மதிப்புப் போய்விடும்.

பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். நான் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் மகன், ஆறு வயது, ஆர்2-டி2 என்ற ரோபோ பொம்மையின் பெட்டியைக் கிழித்து விளையாடிவிட்டான். ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அக்கா அன்று சாயந்திரமே பஸ் ஏறிவிட்டாள். "கழுதை வயசாச்சு, பொம்மைக்காகக் குழந்தையை அடிக்கிறியா" என்று அப்பா இன்னும் திட்டுகிறார். நீங்களும் காமிக்ஸ் சேர்த்தவர். என் வலி உங்களுக்காவது புரியுமா?

இன்னொன்று. 35 சென்ட் விலை போட்ட, மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் முதல் இதழ் என்னிடம் இருக்கிறது. அபூர்வமானது என்கிறார்கள். உண்மையா?

சு., காவேரிப்பட்டணம்

*

அன்புள்ள சு.,

வலி புரிகிறது. அடித்தது தப்பு. அப்பா சொன்னதில் 'பொம்மைக்காக' என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது வெறும் பொம்மை இல்லை என்பது சேர்ப்பவனுக்குத் தெரியும். ஆனால் என்னவாக இருந்தது என்று கேட்டால் உங்களிடமும் தெளிவான பதில் இருக்காது என்று நினைக்கிறேன்.

நான் தருமபுரியில் பள்ளிக்கூடம் போன எண்பதுகளில் ஸ்டார் வார்ஸ் என்ற பெயரே காதில் விழுந்ததில்லை. எங்களுக்கு அறிவியல் கதை என்றால் இரும்புக்கை மாயாவிதான். 1962-இல் 'வேலியண்ட்' என்ற இங்கிலாந்து வார இதழில் தொடங்கிய கதை, ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. மாயாவியின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஸ்க்ரூ டிரைவரோடு சுவிட்ச் போர்டு முன்னால் நின்று யோசித்த பையன்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர். ஒருவன் நான்.

தகர டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தேன். வீடு மாறும்போது அம்மா எடைக்குப் போட்டுவிட்டார். பதிலுக்கு ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் வந்தது. நல்ல குடம், அதையும் சொல்லவேண்டும், இருபது வருடம் உழைத்தது. நான் அந்தக் குடத்தில் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று ஒரு வாரம் அடம்பிடித்தேன்.

அன்றைய மாயாவி இதழ் ஒன்றுக்கு இன்று ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். ஏன்? என் அம்மாவைப் போல ஆயிரம் அம்மாக்கள் எடைக்குப் போட்டதால். சந்தையில் பாதி இதழ் வேர்க்கடலைப் பொட்டலமாகப் போனது. மீதியை நாங்களே படித்துப் படித்துக் கிழித்தோம்.

உங்கள் ஸ்டார் வார்ஸ் கதையும் இதேதான். படம் வந்தது 1977 மே மாதம். பொம்மை உரிமை வாங்கியிருந்த கென்னர் நிறுவனத்தால் அந்தக் கிறிஸ்துமஸுக்குள் பொம்மை செய்து முடிக்க முடியவில்லை. அதனால் பொம்மை இல்லாத அட்டை உறையை விற்றார்கள்! உள்ளே ஒரு சான்றிதழ். அதை நிரப்பித் தபாலில் அனுப்பினால் அடுத்த வருடம் லூக், லியா, செவ்பாக்கா, ஆர்2-டி2 என்று நாலு பொம்மை வீட்டுக்கு வரும். பெரும்பாலானவை நாலு அங்குலம்கூட இல்லை. வந்ததும் பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள்? மண்ணில் புதைத்தார்கள், தொட்டியில் மூழ்கடித்தார்கள், கையில் இருந்த குட்டி ஆயுதத்தைத் தொலைத்தார்கள். அட்டையைப் பத்திரப்படுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் தப்பித்த கொஞ்சம் பெட்டிகளுக்கு இன்று அந்த விலை.

1999-இல் அடுத்த வரிசைப் படங்கள் தொடங்கியபோது எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது. நள்ளிரவில் கடை திறந்தார்கள், வரிசையில் நின்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமல் பரணில் அடுக்கினார்கள். இன்று அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சொல்லிக்கொள்ளும்படி விலை இல்லை. எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருளுக்கு யார் அதிகம் கொடுப்பார்கள்? உங்கள் பீரோவில் இருப்பவை இந்தப் பத்து வருடத்தில் வாங்கியவை, இல்லையா? உலகம் முழுக்க உங்களைப் போலவே யாரோ அதே பெட்டியைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா மகன் கிழித்ததில் உங்களுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. கணக்காகப் பார்த்தாலும் இல்லை.

நம் பக்கத்து நடுகற்களை நினைத்துக்கொள்கிறேன். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். எழுத்து தெளிவாகத் தெரியும், படிக்கலாம், படம் எடுக்கலாம். அதே போன்ற கல் ஏதாவது கொல்லை மேட்டில் வேடியப்பன் சாமியாக நிற்கும். எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஓர் எழுத்தும் புரியாது, ஆனால் வருடா வருடம் பொங்கல் வைக்கிறார்கள். இரண்டும் வேண்டும்தான். உங்கள் பீரோவில் முதல் வகை மட்டும் இருக்கிறது.

அம்மா எடைக்குப் போட்டு ரொம்ப வருடம் கழித்து, பேருந்து நிலையம் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் மாயாவி இதழ் ஒன்று கிடைத்தது. என்னுடையது இல்லை. முதல் பக்கத்தில் யாரோ ஒரு பையன் பேனாவால் எழுதியிருந்தான்: '7-ஆம் வகுப்பு ஆ பிரிவு. இதைத் திருடுபவன் முழுப்பரீட்சையில் ஃபெயில்.' பத்து ரூபாய்க்கு வாங்கினேன். பிறகு விலை பேச வந்த ஒரு சேகரிப்பாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும், "கிறுக்கல் இருக்கே சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்லதாகப் போயிற்று. பின்னாளில் மாயாவியின் மறுபதிப்புகள் வந்தன, நல்ல தாளில், அவற்றையும் வாங்கினேன். எடுத்துப் புரட்டுவது என்னவோ இந்த ஏழாம் வகுப்புக்காரனின் பிரதியைத்தான்.

இதற்காக எல்லாப் பெட்டியையும் உடைக்கச் சொல்லவில்லை. ஒன்றிரண்டை அப்படியே வைத்திருங்கள், பார்க்க அழகுதான். புத்தகங்களையாவது படிக்கிறீர்களா? கடிதத்தில் பொம்மையைப் பற்றி இவ்வளவு எழுதியவர், ஒரு நாவலின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. 2014-இல், அதுவரை வந்த நாவல்களும் காமிக்ஸும் இனி மூலக்கதையில் சேராது என்று 'லெஜண்ட்ஸ்' முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும், அப்படி ஒதுக்கியவற்றில் ஒன்றான திமத்தி ஸானின் 1991 நாவலைத் தேடி வாங்குகிறார்கள் என்றால், அதை ஒருமுறை படித்தவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், அந்த 35 சென்ட் இதழ். முதல் இதழின் வழக்கமான விலை 30 சென்ட். படம் வருவதற்கு முன்பே, ஏப்ரலிலேயே, கடைக்கு வந்துவிட்டது. விலையேற்றிப் பார்ப்பதற்காகச் சில ஊர்களில் மட்டும் கொஞ்சம் பிரதிகளை 35 சென்ட்டுக்கு விற்றார்கள். அபூர்வம் என்று சொல்வது அதைத்தான். ஆனால் இதழ் பிய்த்துக்கொண்டு போனதால் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள், அந்த மறுபதிப்புகள் பலவற்றிலும் 35 சென்ட்தான். விலையை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. உங்களுடையதில் விலை சாய்சதுரக் கட்டத்துக்குள் இருந்தால் அது மறுபதிப்பு. சதுரக் கட்டமாக இருந்து, கீழே பட்டைக்கோடும் (பார்கோடு) இருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். 'ரீபிரிண்ட்' (மறுபதிப்பு) என்ற ஆங்கிலச் சொல் எங்காவது இருக்கிறதா என்று உள்ளேயும் பாருங்கள். அப்படியே ஸ்டேபிள் பின் துருப்பிடித்திருக்கிறதா, தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்வந்தால் இன்னும் நல்லது. போகும்போது ஆர்2-டி2வையும் எடுத்துப்போங்கள், பெட்டி வேண்டாம்.