எட்டுப் பேரும் ஒரு பந்தியும்

அன்புள்ள ஐயா,

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவன், பெங்களூரில் வேலை. திருமண்டலத் (ஒரு பிஷப்பின் கீழுள்ள சபைகளின்) தேர்தல் சண்டை, கோர்ட் கேஸ், பாட்டுப்புத்தகம் போய்த் திரையும் டிரம்ஸும் வந்தது என எல்லாம் வெறுத்துக் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நண்பர்கள் எட்டுப் பேர் ஒரு ஃபிளாட்டில் கூடி ஜெபிக்கிறோம். ஆதிச் சபையும் வீடுகளில்தானே கூடியது? அம்மா அழுகிறார். அவருக்கு என்ன சொல்வது?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தேர்தல் பற்றி நீங்கள் சொல்வது சரி. என்னிடம் இதைவிட மோசமான கதைகள் உண்டு. டிரம்ஸ் ஒரு விஷயமே இல்லை, விடுங்கள்.

ஆதிச் சபை வீடுகளில் கூடியதும் உண்மை. ஆனால் கொரிந்துவில் அப்படிக் கூடியவர்களை அப்போஸ்தலர் பவுல் தன் கடிதத்தில் என்ன திட்டு திட்டுகிறார், படித்தீர்களா? அவனவன் கொண்டுவந்ததை முந்தித் தின்கிறான், ஒருவன் பசியோடு கிடக்கிறான், இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான் என்று. பந்தியில்தான் சபை உடைகிறது. அசனப் பண்டிகையில், அதாவது கோயிலில் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்தில், உட்கார்ந்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது தெரியும்.

உங்கள் எட்டுப் பேரில் எத்தனை பேர் வேறு சாதி? கோபப்படாமல் எண்ணிப் பாருங்கள். பிடித்தவர்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டு அதை ஆதிச் சபை என்பது கொஞ்சம் அதிகம்.

1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. எங்கள் தேரிக்காட்டு ஊரிலோ அதற்கு முப்பது வருஷம் கழித்தும் கீழத்தெரு ஆட்களுக்குக் கடைசிப் பந்திதான். வீட்டுக்கு வீடு அரிசி அளப்பார்கள், அவர்களும் அளப்பார்கள். அப்புறம் கடைசிப் பந்தி!

ஒரு வருஷம் கீழத்தெருப் பையன்கள் ஆறு பேர் முதல் பந்தியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பரிமாறுகிறவர்கள் வாளியோடு அப்படியே நின்றார்கள். நல்ல வெயில். சபைப் பாதிரியாரான ஐயர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே சபை ஊழியம் பார்த்த உபதேசியார்தான் சோற்று வாளியை வாங்கிக்கொண்டு போய் முதல் பையன் இலையில் போட்டார். சண்டை பெரிதாகத்தான் நடந்தது, வருஷக்கணக்கில். ஆனால் சண்டை போடவாவது ஒரே கோயில் இருந்தது. உங்கள் ஃபிளாட்டில் அந்த ஆறு பேர் எந்தக் கதவைத் தட்டுவார்கள்?

குழம்பு ஊற்ற யாரும் வரவில்லை. பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து வந்து அந்த வாளியைத் தூக்கியது என் அம்மா. அப்பா இலையை மூடிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார்.