காலியாக ஓடினாலும் மெஷின் நகர்கிறதா? பின்பக்கம் பாருங்கள்

வணக்கம் சகோதரி. புதிதாக வாங்கிய முன்கதவு வாஷிங் மெஷின், துணியே போடாமல் ஓட்டினாலும் பிழியும்போது அதிர்ந்து ஓர் அடி நகர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். காலியாகவே அதிர்கிறது என்றால் துணியின் மேல் பழியில்லை. சுவிட்சை அடைத்து, வயரைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். லாரியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்க மூன்று நான்கு நீளமான போல்ட் போட்டிருப்பார்கள். அதைக் கழற்றாமல் ஓட்டினால் இப்படித்தான் குதிக்கும், மெஷினும் கெட்டுவிடும். கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள், வீடு மாறும்போது வேண்டும்.

போல்ட் இல்லையா? அப்போது தரைதான். சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்ட வீட்டிலும் பின்கட்டுத் தரை, தண்ணீர் ஓட, லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) பக்கம் சரிந்திருக்கும். மெஷினின் மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடுகிற காலைத் திருகி, நான்கும் தரையில் பதிந்ததும் மேலுள்ள நட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள். இந்த நட்டை மறந்தால் ஒரே வாரத்தில் பழைய கதைதான். பலகை மட்டும் அடியில் வைக்காதீர்கள், ஈரத்தில் உப்பிவிடும்.

இரண்டும் செய்தும் அடங்கவில்லை என்றால், உத்தரவாதம் இருக்கும்போதே கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.