போபால் விஷவாயுவுக்கு இழப்பீடு கொடுத்து முடித்தாயிற்றே, 40 வருடம் கழித்தும் ஏன் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

"கொடுத்து முடித்தாயிற்று" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், இல்லாவிட்டால் கடந்து போயிருப்பேன். நீங்கள் அந்த வாயு கசிந்த 84க்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டிசம்பர் வந்தால் டிவியில் அதே மண்ணுக்குள் இருக்கும் குழந்தையின் முகம், அதே ஊர்வலம், அதே கொடும்பாவி. அலுத்துப்போயிருக்கும். அதில் தப்பு எதுவும் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து கேட்கக்கூடாது. நான் பாதிக்கப்பட்டவள் இல்லை. என் அப்பா போபால் பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், நாங்கள் பிப்லானி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அன்றைக்குக் காற்று பழைய ஊர் பக்கம், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் அடித்தது. எங்கள் பக்கம் திரும்பவில்லை. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது 13 வயது. இழப்பீடாக எங்கள் வீட்டில் யாரும் ஒரு பைசா வாங்கவில்லை, வாங்க உரிமையும் இல்லை.

அப்படியானால் உனக்கென்ன இவ்வளவு என்று கேட்டால், எங்கள் வீட்டு ரஜாயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ரஜாய் என்றால் பஞ்சு அடைத்த கனமான போர்வை. நம் ஊரில் அதற்கு வேலையே இல்லை, ஆனால் போபாலில் டிசம்பர் குளிருக்கு அது இல்லாமல் முடியாது. ஒவ்வொரு வருடமும் குளிர் ஆரம்பிக்கும்போது பஞ்சு அடிப்பவர் ஒருவர் வில் மாதிரி பெரிய கருவி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு காலனிக்கு வருவார். அந்த நரம்பைச் சுண்டும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் எல்லாம் ஓடுவோம். பழைய ரஜாயைப் பிரித்து, கட்டி தட்டிப்போன பஞ்சை அடித்துப் பூப்போல ஆக்கி, மறுபடி அடைத்துக் கொடுப்பார். நாங்கள் அவரைச் சாச்சா என்றுதான் கூப்பிடுவோம், சித்தப்பா மாதிரி. அவருடைய பெரிய பையனும் கூட வருவான், என்னைவிட 2 வயது சின்னவன். பஞ்சுத் தூசியில் தலையெல்லாம் வெள்ளையாக நிற்பான், அதைப் பார்த்து நாங்கள் கிழவா கிழவா என்று கூப்பிடுவோம்.

டிசம்பர் 1, சனிக்கிழமை. சாச்சா எங்கள் ரஜாயை அடித்துவிட்டு, தையல் போட வீட்டுக்கு எடுத்துப்போனார். தைப்பது அவர் மனைவி, எங்கள் சாச்சிதான். செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றார். ஞாயிறு ராத்திரி யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து வாயு கசிந்தது.

அவர்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், சாந்த்பட்டில். நடுராத்திரிக்கு மேல் இருமல் வந்து எழுந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் வறுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். அந்த ஊரில் அன்றைக்குத் தப்பித்த யாரைக் கேட்டாலும் இந்த மிளகாயைச் சொல்வார்கள். வெளியே எல்லோரும் ஓடுகிறார்கள். சாச்சா பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சாச்சியிடம் கைக்குழந்தை, அவரால் ஓட முடியவில்லை, பாதி தைத்த எங்கள் ரஜாயைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு குழந்தையோடு மூலையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர்கள் பிழைத்தார்கள். ஓடியவர்கள் மூச்சு வாங்கி வாங்கி அதிகமாக உள்ளே இழுத்துவிட்டார்கள். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு படுத்துவிடுங்கள், காற்றோடு ஓடாதீர்கள் என்று சொல்ல அன்றைக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. தொழிற்சாலையில் என்ன வாயு இருக்கிறது என்றே மக்களுக்குத் தெரியாது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982லேயே எழுதி எச்சரித்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொட்டியைக் குளிர்வாக வைக்கும் இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள், வாயு வெளியேறினால் எரிக்க வேண்டிய கோபுரம் பழுது பார்ப்பதற்காகக் கழற்றிக் கிடந்தது. கசிந்தது சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் என்ற விஷவாயு. இதெல்லாம் எனக்குப் பெரியவளான பிறகு தெரிந்தது.

பையன் வழியிலேயே விழுந்துவிட்டான். விடிந்ததும் சாச்சா அவனைத் தூக்கிக்கொண்டு ஹமீதியா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே உடல்களை வரிசையாகப் போட்டு நெற்றியில் எண் எழுதிய சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் சீட்டுக்குக் காத்திருக்கவில்லை. தன் பிள்ளையைத் தானே எடுத்துக்கொண்டுபோய்ச் சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்துவிட்டார். அப்பா என்று இருக்கும் யாரும் அதைத்தானே செய்வார்கள்? அந்தச் சீட்டு இல்லாததுதான் பிறகு எல்லாமாக ஆனது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, ஊருக்கு ஓடி வந்துவிட்டோம். மிச்சமிருந்த வாயுவைப் பூச்சிமருந்தாக மாற்றித் தீர்க்கப்போகிறோம் என்று டிசம்பர் 16க்கு நாள் குறித்தார்கள், மறுபடி கசிந்துவிடும் என்று பயந்து ஊரே காலியானது. நாங்களும் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை வந்து திருச்சிக்குப் போய்விட்டோம். அதே ஸ்டேஷனில்தான் குலாம் தஸ்தகீர் என்ற துணைக் கண்காணிப்பாளர் அன்றைக்கு ராத்திரி கோரக்பூரிலிருந்து வந்த ரயிலை நேரத்துக்கு முன்னாலேயே கிளப்பி அனுப்பி அத்தனை பயணிகளைக் காப்பாற்றினார். எங்களுக்குப் போவதற்கு ஒரு ஊர் இருந்தது. சாச்சாவுக்கு எங்கே இருந்தது?

ஜனவரியில் திரும்பி வந்தபோது அவரே ரஜாயைக் கொண்டுவந்து கொடுத்தார். துவைத்து, மிச்சத் தையலும் போட்டு. அம்மா வாங்க மாட்டேன் என்றார், அவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அவர் பஞ்சு அடிக்கவில்லை. அந்த நுரையீரலை வைத்துக்கொண்டு பஞ்சுத் தூசியில் எப்படி நிற்பது? வில் அவர் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டே இருந்தது.

சரி, இழப்பீட்டுக்கு வருகிறேன். 1985ல் ஒரு சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட எல்லோர் சார்பிலும் மத்திய அரசே வழக்கு நடத்தும் என்று எடுத்துக்கொண்டார்கள். முதலில் கார்பைடிடம் கேட்டது 330 கோடி டாலர். 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டார்கள். சாச்சாவை யாரும் கேட்கவில்லை. சுமார் 3,000 சாவு என்ற கணக்கில் போட்ட ஒப்பந்தம் அது. பிறகு அரசே விசாரித்து இழப்பீடு கொடுத்த சாவு 5,295, பாதிக்கப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். ஆனால் தொகை அதேதான். அதனால்தான் தலைக்கு 25,000 ரூபாய் ஆனது. 1990லிருந்து மாதம் 200 ரூபாய் இடைக்கால நிவாரணம் என்று கொடுத்தார்களே, அதையும் இந்த 25,000ல் கழித்துக்கொண்டார்கள்.

அந்த மனுக்களை எழுதியது நான். அம்மா இந்தி நன்றாகப் பேசுவார், எழுத வராது. நான் அங்கேயே படித்தவள். சாச்சி ஒரு பச்சை ரெக்ஸின் பையில் ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மருந்துக் கடைப் பில் எல்லாம் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வருவார். அவருக்கு, சாச்சாவுக்கு, சின்னவனுக்கு, இறந்துபோன பெரியவனுக்கு என்று நாலு மனு.

பெரியவன் மனு விசாரணைக்கு வந்தது 93ல். சாச்சாவால் படியேற முடியாது, சாச்சியோடு நான்தான் போனேன். ஒரு அதிகாரி கேட்டார், பையன் அந்த வாயுவால்தான் இறந்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? பிரேதப் பரிசோதனைச் சீட்டு எங்கே? ஆஸ்பத்திரி எண் எங்கே? முன்னாலேயே காசநோய் இருந்ததா? நான் பள்ளிக்கூடத்தில் வாங்கிய தாளைக் காட்டினேன், 85 ஜனவரியில் அவன் பெயரை அடித்து "வருவதில்லை" என்று எழுதியிருந்தார்கள். வராத பையனெல்லாம் இறந்த பையனா என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், அவர் மேசையில் அன்றைக்கு அப்படி நூறு கட்டு இருந்திருக்கும். கடைசியில், சாவு என்று போட முடியாது, பாதிப்பு என்று போட்டு 25,000 தருகிறோம், வேண்டுமென்றால் மேல்முறையீட்டுக்குப் போங்கள் என்றார்.

சாச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். எனக்கு 22 வயது. வீட்டில் மருந்துக்குப் பணம் இல்லை என்று எனக்குத் தெரியும், மேல்முறையீடு என்றால் இன்னும் எத்தனை வருடமோ என்று நினைத்தேன். ரசீதை நான் நிரப்பினேன், அவர் கைநாட்டு வைத்தார். 84ல் இறந்த பையன் அந்த ரசீதின்படி 93ல் உடம்பு சரியில்லாமல் உயிரோடு இருக்கிறான். இது அவர்களுக்கு மட்டும் நடந்ததில்லை, சாவு மனுக்கள் பலவற்றைப் பாதிப்பு மனுக்களாக மாற்றினார்கள். ஆனால் இந்த ஒன்று என் கையெழுத்தில் இருக்கிறது.

25,000 என்ற எண்ணை நான் மறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. யூனியன் கார்பைடு தலைவர் வாரன் ஆண்டர்சன் 84 டிசம்பர் 7ஆம் தேதி போபால் வந்தார், கைது செய்தார்கள், அன்றைக்கே ஜாமீனில் விட்டு மாநில அரசு விமானத்தில் டெல்லிக்கு அனுப்பிவைத்தார்கள். ஜாமீன் தொகை 25,000 ரூபாய். 2010 ஜூன் 7 அன்று இந்திய அதிகாரிகளுக்கு 2 வருடம் தண்டனை என்று தீர்ப்பு வந்தது, 25 வருடத்துக்கும் மேல் கழித்து. அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது. அதுவும் 25,000 ரூபாய்க்கு.

அந்தத் தீர்ப்பு வந்த வாரம் டிவியில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஆண்டர்சனை அனுப்பியது யார் என்பதைப் பற்றித்தான் கத்தினார்கள். அப்போதைய முதல்வர் அர்ஜுன் சிங்கா, பிரதமர் ராஜீவ் காந்தியா என்று. அப்புறம் சிதம்பரம் தலைமையில் அமைச்சர்கள் குழு போட்டு, சாவுக்கு 10 லட்சம் என்றார்கள். யாருக்கு? ஏற்கெனவே சாவு என்று பதிவானவர்களுக்கு. சாச்சியின் வீட்டில் அப்படி யாரும் பதிவாகவில்லையே.

இப்படி எழுதினால் காங்கிரஸைத் திட்டுகிறாள் என்று ஒருவரும், எதிர்க்கட்சிக்கு வேலை செய்கிறாள் என்று இன்னொருவரும் வருவார்கள். 2003க்குப் பிறகு ஒன்றேகால் வருடம் தவிர அந்த மாநிலத்தை பாஜகதான் ஆள்கிறது. தொழிற்சாலைக்குள் கிடந்த 337 டன் விஷக் கழிவை 2025 ஜனவரியில்தான் லாரியில் ஏற்றி பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எரிக்கக்கூடாது என்று அந்த ஊர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், 2 பேர் தீக்குளிக்கவே முயன்றார்கள். நிலத்தடி நீர் கெட்டுப்போனது போனதுதான். எனக்கு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் கோபம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இதை நான் சொந்தக்காரர்களிடம் பேச ஆரம்பித்தால், "நீ பாதி இந்திக்காரி, உனக்கு வடக்கு மேல் பாசம்" என்று வாயை அடைத்துவிடுவார்கள். போபாலில் எங்களை மத்ராசி என்றார்கள். 95ல் அப்பா ஓய்வு பெற்றுத் திருச்சிக்கு வந்து வீடு தேடியபோது, என் தமிழைக் கேட்டுவிட்டு வடக்கத்திக் குடும்பமா என்று விசாரித்து இரண்டு இடத்தில் வீடு தரவில்லை. இன்றைக்கும் என் ழகரத்தைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஊரில் வளர்ந்தவள் அந்த ஊரின் துக்கத்தைச் சுமப்பதற்கு எந்த மொழிக்காரியாக இருந்தால் என்ன? விடுங்கள்.

சாச்சா 97ல் போய்விட்டார். சாச்சி அதன் பிறகும் சனிக்கிழமை தவறாமல் ஷாஜகானி பூங்காவுக்குப் போவார். அங்கேதான் அப்துல் ஜப்பார் பாதிக்கப்பட்ட பெண்களைக் கூட்டி வாராவாரம் கூட்டம் நடத்துவார். வழக்கு என்ன ஆனது, யாருக்கு எந்தத் தாள் வேண்டும் என்று பேசுவார்கள். 2019ல் ஜப்பார் காலமானார். அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது அதற்குப் பிறகு.

சாவுக் கணக்கே தப்பு, கூடுதல் பணம் வேண்டும் என்று மத்திய அரசே 2010ல் ஒரு மறுசீராய்வு மனு (கியூரேட்டிவ் மனு) போட்டிருந்தது. அதை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்றைக்குச் சாயங்காலம் சின்னவன் எனக்குப் போன் செய்தான். ரஜாய்க்குள் இருந்த அந்தக் கைக்குழந்தைதான், இப்போது ஆட்டோ ஓட்டுகிறான், அவனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். "தீதி (அக்கா), அண்ணன் கேஸில் இனி எதுவும் இல்லையா?" என்று கேட்டான். எதுவும் இல்லை என்று நினைக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அம்மாவிடம் சொல்லவில்லை என்றான்.

நீங்கள் டிவியில் பார்க்கும் டிசம்பர் 2 ராத்திரி ஊர்வலத்தில் சாச்சியும் இருப்பார். அந்தப் பச்சை ரெக்ஸின் பையோடுதான் வருவார், வழியில் யாராவது அதிகாரி கேட்டால் காட்ட வேண்டுமே என்று.