பீப் சத்தத்தை எவ்வளவு நம்பலாம்?

வாசகர் கேள்விகள் – பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: தனியாகக் கிளினிக் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. இதுவரை எக்ஸ்ரேயை மட்டும் வைத்தே ரூட் கெனால் செய்துவந்தேன். இப்போது ஏபெக்ஸ் லொகேட்டர் (வேரின் நுனி, அதாவது ஏபெக்ஸ், எங்கே என்று மின்சாரத்தால் அளந்து பீப் அடிக்கும் சாதனம்) வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒரு விற்பனைப் பிரதிநிதி, "இது ஆறாம் தலைமுறை" என்கிறார். இன்னொருவர் மோட்டாரும் லொகேட்டரும் சேர்ந்த மெஷினை வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது டாக்டர்?

பதில்: முதலில் அந்தத் தலைமுறைக் கணக்கை ஓரமாக வையுங்கள் அம்மா. அதைக் கேட்டுத் தலை சுற்றாத பல் டாக்டர் கிடையாது.

விஷயம் இவ்வளவுதான். 1942இல் சுசுகி என்ற ஜப்பானிய ஆய்வாளர் நாய்களின் பற்களில் சோதனை செய்தபோது, வேர்க்குழாய்க்குள் இருக்கும் கருவிக்கும் வாயின் உட்சவ்வுக்கும் நடுவே மின்தடை மாறாமல் இருப்பதைப் பார்த்தார். 1962இல் சுனாடா அதை மனிதர்களின் பல்லுக்குக் கொண்டுவந்தார். ஃபைலின், அதாவது குழாய்க்குள் விடும் ஊசி போன்ற கருவியின், நுனி வேரைச் சுற்றியுள்ள சவ்வைத் தொடும்போது தடை சுமார் 6.5 கிலோ ஓம். எந்தப் பல், என்ன வயது என்பதெல்லாம் அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. லொகேட்டர் என்ற சாதனமே அங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் அந்தப் பழைய மெஷின்களுக்குக் குழாய் வறண்டிருக்க வேண்டும். உள்ளே கழுவ விடும் ஹைப்போகுளோரைட் திரவமோ ரத்தமோ சீழோ இருந்தால், பாதி வழியிலேயே "வந்துவிட்டேன்" என்று கத்தும்.

அதைத் தீர்த்தது இரண்டு அதிர்வெண் முறை. ரூட் இசட்எக்ஸ் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். 8 கிலோஹெர்ட்ஸ், 0.4 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு அதிர்வெண்களில் இம்பிடன்ஸை (மாறுமின்சாரத்துக்கான தடையை) அளந்து, ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பார்க்கிறது. குழாய்க்குள் எந்தத் திரவம் இருந்தாலும் இரண்டு அளவும் சேர்ந்தே மாறுவதால் விகிதம் அவ்வளவாகக் கெடாது. நுனி நெருங்கும்போது மட்டும் அது சட்டென்று இறங்கும். 1990களில் வந்த இந்த யோசனைக்குப் பிறகு நடந்ததெல்லாம் மெருகேற்றம் என்பதுதான் என் அபிப்பிராயம். நான்கு, ஐந்து, ஆறு என்று ஏறும் எண்களில் பாதி விற்பனைக்காரர்கள் போட்டது. தரமான இன்றைய மெஷின் எதுவானாலும், ஒழுங்காகப் பயன்படுத்தினால் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் முன்பின்னுக்குள் சொல்லிவிடும்.

அப்புறம் எதைப் பார்த்து வாங்குவது? நான் முதலில் பார்ப்பது வயரும் கிளிப்பும். சிரிக்காதீர்கள். இத்தனை வருஷத்தில் என் கிளினிக்கில் ஒரு லொகேட்டரின் உள்பாகம் கெட்டு நான் பார்த்ததில்லை. செத்தது எல்லாமே வயரும் ஃபைல் கிளிப்பும்தான். கிளிப்பின் கொக்கி தினமும் ஹைப்போகுளோரைட்டில் நனைந்து அரித்துப்போகும். வயர் பிளக் அருகே மடிந்து மடிந்து உள்ளே அறுந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ரீடிங் மட்டும் தாண்டவமாடும். அதனால் மெஷினோடு எத்தனை கிளிப், எத்தனை லிப் ஹுக் (உதட்டில் மாட்டும் கொக்கி) தருகிறார்கள், தனியாகக் கேட்டால் ஒரு வாரத்தில் கிடைக்குமா, கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 134 டிகிரியில் போடலாமா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது, டெமோவுக்கு நீங்களே ஒரு பல்லைக் கொண்டுபோங்கள். பிடுங்கி, கிருமி நீக்கி வைத்திருக்கும் ஒற்றை வேர்ப் பல் போதும். ஃபைல் வைக்கும் இடம் தடுமாறாமல் இருக்க மேல் பகுதியைத் தட்டையாக வெட்டிவிடுங்கள். 15ஆம் எண் ஃபைலை உள்ளே விட்டு, அதன் நுனி வேர்த்துளையின் விளிம்பில் தெரியும் வரை லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) போட்டுப் பாருங்கள். ரப்பர் ஸ்டாப்பரை இறக்கி நீளத்தை ஸ்கேலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சின்ன டப்பாவில் பல் அச்சு எடுக்கும் ஆல்ஜினேட் கலந்து, அது இறுகுவதற்குள் பல்லின் வேரையும் லிப் ஹுக்கையும் அதில் சொருகுங்கள். ஆல்ஜினேட் ஈரமாக இருக்கும்போதே அளந்து முடிக்க வேண்டும். ஒருமுறை சலைன் விட்டு, ஒருமுறை ஹைப்போகுளோரைட் விட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று தடவை அளங்கள். கண்ணால் பார்த்து எடுத்த நீளத்துக்கும் மெஷின் சொல்லும் ஜீரோவுக்கும் (ஏபெக்ஸ் கோட்டுக்கும்) எவ்வளவு வித்தியாசம் என்பது ஒரு பக்கம். மூன்று தடவையும் அதே எண் வருகிறதா என்பதுதான் நான் இன்னும் கூர்ந்து பார்ப்பது. ஒரே அளவு எப்போதும் தள்ளிக் காட்டும் மெஷினோடு குடித்தனம் நடத்திவிடலாம். நேரத்துக்கு ஒன்று சொல்வதோடு முடியாது.

திரையின் அழகில் மயங்க வேண்டாம். அதில் 3, 2, 1 என்று தெரிவது மில்லிமீட்டர் அல்ல. கம்பெனிகளே கையேட்டில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். 0.5 என்ற கோடும் சரியாக அரை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் செய்வது: மெதுவாக ஏபெக்ஸ் கோடு வரும் வரை போவேன், அந்த நீளத்தைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து அரை மில்லிமீட்டர் கழிப்பேன். நுனிக்குச் சற்று முன்னால் குழாய் குறுகும் இடத்தைத் தேடுவதை விட ஜீரோவைத் தேடுவது எளிது, திரும்பத் திரும்ப அதே இடத்தில் கிடைக்கும்.

மோட்டாரோடு சேர்ந்தது வசதிதான். ஃபைல் நுனிக்கு வந்ததும் தானாக நிற்கும், அல்லது பின்னால் சுற்றும். ஆனால் முதல் மெஷினாக அதை நான் சொல்ல மாட்டேன். கையில் ஃபைலைப் பிடித்து நூறு குழாயாவது அளந்தால்தான், எந்த ரீடிங் நிஜம், எது பொய் என்று விரலுக்குப் பழகும். தவிர, ஒன்று ரிப்பேருக்குப் போனால் இரண்டும் போகும்.

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஃபைலை நுழைத்த உடனேயே ஏபெக்ஸ் காட்டுகிறது. மெஷின் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், என் கதையைக் கேளுங்கள். எனக்கும் ஒருநாள் இதே போல 12 மில்லிமீட்டரிலேயே ஏபெக்ஸ் காட்டியது. படத்தில் வேர் 20க்கு மேல் இருந்தது. பேட்டரியை மாற்றினேன், வயரை மாற்றினேன். உள்ளே துளை போட்டுவிட்டோமோ என்று வயிற்றைக் கலக்கியது. நோயாளி வாயைத் திறந்தபடியே படுத்திருக்கிறார், அசிஸ்டென்ட் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் லூப்பைக் கண்ணில் இறக்கிக் குனிந்து பார்த்தால், ஃபைலின் தண்டு பழைய வெள்ளி அடைப்பின் விளிம்பில் சாய்ந்து நின்றது. உள்ளறை முழுக்க ஹைப்போகுளோரைட் வேறு தளும்பிக்கொண்டிருந்தது. மின்சாரம் எதற்கு வேர்நுனி வரை போகவேண்டும், பக்கத்திலேயே குறுக்கு வழி இருக்கும்போது? அடைப்பை எடுத்துவிட்டு, உள்ளறையைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். குழாய்க்குள் ஈரம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். மேலே குளம் கட்டக் கூடாது. அடுத்த முறை 20.5இல் அசையாமல் நின்றது.

அதனால் உங்கள் பல்லிலும் முதலில் உலோக அடைப்போ கேப்போ ஃபைலைத் தொடுகிறதா பாருங்கள். சொத்தை வழியாக எச்சில் உள்ளே வருகிறதா பாருங்கள். அப்படியானால் பல்லின் உடைந்த சுவரைக் கட்டி, ரப்பர் டாம் (பல்லை எச்சிலிலிருந்து பிரிக்கும் ரப்பர் விரிப்பு) போட்ட பிறகுதான் அளக்க வேண்டும். ஃபைல் மிக மெல்லியதாக இருந்தாலும் ரீடிங் ஆடும், குழாயைச் சற்று இறுக்கிப் பிடிக்கும் அளவுக்கு மாற்றுங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் அகலப்படுத்திய பிறகு அளந்தால் இன்னும் நிதானமாக வரும். பழைய ரூட் கெனாலைத் திரும்பச் செய்கிறீர்கள் என்றால், உள்ளே அடைத்திருக்கும் ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சா மின்சாரத்தைக் கடத்தாது. அதை எடுத்து முடிக்கும் வரை மெஷின் ஊமைதான். இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரே இடத்தில் சட்டென்று ஏபெக்ஸ் காட்டினால், துளையோ விரிசலோ என்று சந்தேகப்பட வேண்டியதுதான். அந்த விஷயத்தில் மெஷின் நமக்கு நல்லதே செய்கிறது.

கேள்வி: லொகேட்டர் ஏபெக்ஸ் என்கிறது, எக்ஸ்ரேயில் ஃபைல் நுனி வேர்முனைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் முன்னாலேயே நிற்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: வேரின் முனையும் வேரின் வாசலும் ஒரே இடம் என்று நினைப்பதால் வரும் சண்டை இது. பல பற்களில் துளை முனையில் திறக்காமல் பக்கத்தில் திறக்கும். கன்னத்தின் பக்கமோ நாக்கின் பக்கமோ திறந்தால் படத்தில் அது தெரியவே தெரியாது, படம் தட்டையானது. கட்லர் 1955இல் நுண்ணோக்கியில் வேர்நுனிகளை ஆராய்ந்து எழுதியதும் இதைத்தான்: வயது ஏற ஏறத் துளையின் நடுப்புள்ளி முனையிலிருந்து விலகிப் போகிறது.

ஆக, படத்தில் ஃபைல் குட்டையாகத் தெரிந்து, ரீடிங் மூன்று தடவையும் ஒன்றாகவே இருந்தால் நான் லொகேட்டர் பக்கம். மாறாக ஃபைல் படத்திலேயே முனையைத் தாண்டி நின்று, மெஷின் இன்னும் ஏபெக்ஸ் காட்டவில்லை என்றால் எதையும் நம்பாமல் நிறுத்திவிடுவேன். கோணத்தை மாற்றி இன்னொரு படம் எடுப்பேன். பிறகு ஒரு பேப்பர் பாயின்ட்டை (ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சியை) விட்டுப் பார்ப்பேன். நுனியில் ரத்தப் புள்ளி பட்டு வந்தால், அது எந்த நீளத்தில் தொடங்குகிறது என்பது பல சமயம் பஞ்சாயத்தை முடித்துவைக்கும். சின்ன வயதுக்காரர்களுக்கு வேர்நுனி இன்னும் மூடாமல் அகலமாக இருந்தால் லொகேட்டர் குறைத்துக் காட்டும். அங்கே படத்துக்கே முதலிடம்.

லொகேட்டர் வந்துவிட்டதால் எக்ஸ்ரே வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேர் எத்தனை, எப்படி வளைகிறது என்பதை மெஷின் சொல்லாது. நீளத்துக்காக எடுக்கும் படங்களின் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். மேல் கடைவாய்ப் பல்லில் கன்ன எலும்பின் நிழல் வேர்நுனியை மறைக்கும்போது மட்டும் அதன் அருமை நன்றாகத் தெரியும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது, பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார். ரூட் கெனாலின்போது உதட்டில் ஒரு கொக்கியை மாட்டி மின்சாரம் செலுத்துவார்களாமே? பயமாக இருக்கிறது.

பதில்: அந்தக் கொக்கி வழியாகப் போகும் மின்சாரம் மிக மிகச் சிறிது, யாருக்கும் உறைக்காது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சில கம்பெனிகள் கையேட்டில் எச்சரித்திருக்கும். புது மாதிரி பேஸ்மேக்கர்களில் செய்த சோதனைகளில் பெரும்பாலான லொகேட்டர்கள் எந்தத் தொந்தரவும் தரவில்லை. ஆனாலும் உங்கள் அம்மா விஷயத்தில் அதை நாமே முடிவு செய்ய வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தபோது கொடுத்த அட்டையில் மாடல் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு முதலில் பல் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். இதய மருத்துவர் வேண்டாம் என்றால் எக்ஸ்ரே வைத்தே அளந்து செய்யலாம். இந்த மெஷின் வருவதற்கு முன் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம்.

கேள்வி: அந்த பீப் சத்தம் வேகமாக அடிக்கும்போது நரம்பைக் குத்தப் போகிறார்கள் என்று உடம்பெல்லாம் கூசுகிறது. அதை நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். சத்தத்தைக் குறைக்கும் வசதி பெரும்பாலான மெஷின்களில் இருக்கும். நாங்கள் எப்படியும் திரையைத்தான் பார்க்கிறோம்.