ஜெர்மனியில் படிக்கிறேன், விடுமுறையில் ஐரோப்பா சுற்ற தனி விசா வேண்டுமா?

ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது பொது விசா முறை வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கு, வேண்டாம். ஜெர்மன் குடியிருப்பு அட்டையும் பாஸ்போர்ட்டும் காலாவதியாகாமல் இருந்தால், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் சுற்றலாம். பிரிட்டன், அயர்லாந்து இதில் சேராது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே தனி விசா.

அட்டை இருக்கிறதே என்று பாஸ்போர்ட்டை அறையில் விட்டுப் போகாதீர்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் திரும்பும்போது, ஜெர்மன் எல்லை ஊரான ஃப்ரைலாசிங்கில் ரயில் நின்றது. போலீஸ்காரர் ஏறி என்னிடம் இரண்டையும் வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்புறம் ரயில் பாஸ். ஐரோப்பாவில் வசிப்பதால் நீங்கள் வாங்க வேண்டியது யூரெயில் அல்ல, இன்டர்ரெயில். 27 வயது வரை சலுகை விலை. பிரான்சின் டிஜிவி அதிவேக ரயிலில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதை முதலிலேயே பதிவு செய்துவிடுங்கள்.