கதவை அடைக்கச் சொல்லும் மச்சான்

கேள்வி: ரொறன்ரோவில் 30 வருடமாக இருக்கும் என் மச்சானே, "இனி ஆட்களை எடுக்கிறதை நிறுத்த வேணும்" என்கிறார். கனடாக்காரரும் அப்படித்தான் பேசுகிறார்களாம். எல்லோரையும் வரவேற்ற நாடு இப்படி மாறலாமா?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மாறியது உண்மை. என்விரானிக்ஸ் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில், குடியேறுவோர் மிக அதிகம் என்றவர்கள் 2022இல் நூற்றுக்கு 27 பேர். 2024இல் 58 பேர். இரண்டே வருடத்தில் ஒரு நாட்டு மக்களின் குணம் தலைகீழாகுமா? ஏறியது வீட்டு வாடகை. 2023இல் மட்டும் கனடாவின் மக்கள்தொகை 12 லட்சத்துக்கு மேல் கூடியது. அதில் பெரும்பகுதி தற்காலிக விசாவில் வந்த மாணவர்களும் தொழிலாளர்களும். வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தை நம்பிக் கல்லூரிகள் வகுப்புகளைப் பெருக்கின, அரசுகள் பார்த்துக்கொண்டிருந்தன, அந்த வேகத்தில் வீடு கட்ட யாருமில்லை. கோபம் அவர்கள்மேல் போயிருக்க வேண்டும். போய் விழுந்ததோ, பேஸ்மென்ட் அறையில் ஐந்தாறு பேரோடு நெருக்கியடித்துப் படுக்கும் மாணவன் தலையில்.

அப்புறம், "எல்லோரையும் வரவேற்ற நாடு" என்கிறீர்கள். 1914இல் கோமகாட்டா மாரு கப்பலில் வந்த 376 இந்தியரை இரண்டு மாதம் வன்கூவர் துறைமுகத்தில் நிறுத்திவைத்து, பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பியதும் இதே கனடாதான். பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016இல். நம்மவர் கதையிலும் இரண்டு பக்கமும் உண்டு. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அந்த ஊர் மீனவர்கள் மீட்டார்கள். அவர்களுக்குத் தங்க அனுமதியும் கிடைத்தது. 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் போய் இறங்கியபோது, பலர் மாதக்கணக்கில் தடுப்புக்காவலில் கிடந்தார்கள்.

சரி, மச்சானுக்கு வருவோம். அவர் போய் இறங்கிய தொண்ணூறுகளின் நடுவில், இதே கேள்விக்குக் கனடியரில் பெரும்பான்மையோர் "மிக அதிகம்" என்றுதான் பதில் சொன்னார்கள். அன்றைய அரசு அதைக் கேட்டுக் கதவைச் சாத்தியிருந்தால் அவர் இன்று எங்கே இருந்திருப்பார்? பின்னாளில் வேலைவாய்ப்பு கூடியது, வந்தவர்களின் பிள்ளைகள் அங்குள்ள பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் வளர்ந்தார்கள், அந்த எண்ணமும் தணிந்தது.

வாடகையைப் பற்றி மச்சான் தாராளமாகச் சத்தம் போடட்டும், தன் தொகுதி எம்பியிடம் போய்க் கேட்கட்டும். 2025க்கு 5 லட்சம் என்றிருந்த நிரந்தரக் குடியேற்ற இலக்கை அரசு 3,95,000 ஆகக் குறைத்தும்விட்டது. எத்தனை பேரை எடுப்பது என்று பேசுவதில் தவறே இல்லை. ஏற்கெனவே வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்து முகத்தைத் திருப்ப அவருக்கு உரிமை இல்லை. இதை நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள்.