கீழ் வீட்டு மாமியும் நடு பெடலும்

கேள்வி: செம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது தளத்தில் இருக்கிறோம். அலுவலகம் முடிந்து லோக்கல் ரயிலில் வந்து சேர்ந்து, சாப்பிட்டுவிட்டு அப்ரைட் பியானோவின் (கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை) முன் உட்காரும்போது மணி பத்தரை ஆகிவிடுகிறது. நடு பெடலைப் பூட்டிவிட்டுத்தான் வாசிக்கிறேன். அப்படியும் கீழ் வீட்டு மாமி, “தலைக்கு மேலே யாரோ உரலில் இடிப்பதுபோல் இருக்கிறது” என்கிறார். இதை விற்றுவிட்டு டிஜிட்டல் பியானோ வாங்குவதுதான் வழியா?
– வாசகி, மும்பை

பதில்: மாமி சொன்ன உவமையிலேயே பாதி விடை இருக்கிறது. பாட்டுக் கேட்கிறது என்று அவர் சொல்லவில்லை, இடி கேட்கிறது என்கிறார். நடு பெடலை மிதித்துப் பக்கவாட்டில் நகர்த்திப் பூட்டும்போது, கட்டையை அழுத்தினால் கம்பியைத் தட்டும் சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் இடையே ஒரு மெல்லிய ஃபெல்ட் பட்டை இறங்கி நிற்கிறது. கம்பியின் ஒலி அதனால் வெகுவாக அடங்கிவிடும். ஆனால் விரல் பட்டு இறங்கும் கட்டை அடித்தளத்தில் மோதும் ‘டொக்’ சத்தத்தை அந்தப் பட்டை தொடுவதே இல்லை. அந்த அதிர்வு, பெரும்பாலும் 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியின் சக்கரங்கள் வழியாகத் தரைக்குள் இறங்கி, காங்கிரீட்டில் பரவி, கீழ் வீட்டுக் கூரையில் ஒலிக்கிறது.

ஆகவே முதலில் தரையைக் கவனியுங்கள். சக்கரங்களுக்கு அடியில் ரப்பர் பதித்த அகலமான கிண்ணங்களை வைத்து, அவற்றின் கீழே கனத்த கம்பளம் ஒன்றை விரியுங்கள். யோகா விரிப்பு போன்ற மெல்லிய பஞ்சு வகைகள் இந்த எடையில் நசுங்கித் தட்டையாகிவிடுவதால் அவற்றுக்குச் செலவழிப்பது வீண். கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் ஒலிப்பலகை அப்ரைட்டில் பின்பக்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரில் அது சாய்ந்திருந்தால் சற்று விலக்கி வைத்து, இடையில் ஒரு பழைய ரஜாயைத் தொங்கவிடலாம். இவற்றைச் செய்தபின், மாமியின் வீட்டுக்கூடத்தில் உங்கள் வீட்டார் ஒருவரை நிற்கச்சொல்லி, நீங்கள் மேலே வாசித்துப் பாருங்கள். மேலே இருந்துகொண்டு நாமாக எடைபோடுவது பலிக்காது.

இடது பெடலை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். அப்ரைட்டில் அது சுத்தியல்களைக் கம்பிகளுக்கு அருகே கொண்டுவந்து வீச்சைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ஒலி கொஞ்சமே தணியும்.

நடு பெடலிலும் ஒரு விலை உண்டு. பட்டை இறங்கியிருக்கையில் மெலிதாகவும் பலமாகவும் வாசிப்பதற்கு உள்ள வேறுபாடு காதுக்குச் சரியாக எட்டாததால், விரல் தன்னையறியாமல் ஓங்கி அடிக்கப் பழகிவிடுகிறது. மாமி கேட்கும் உரல் சத்தமும் அதனால் கூடுகிறது. இரவு நேரத்தை இடது கையைத் தனியாக மெதுவாக வாசிப்பதற்கும், விரல் எண்களை உறுதிப்படுத்துவதற்கும், நோட்டேஷனை மனப்பாடம் செய்வதற்கும் ஒதுக்குங்கள். உணர்ச்சி வெளிப்பாட்டையும் ஒலியின் ஏற்ற இறக்கத்தையும் ஞாயிறு முற்பகலில், பட்டையை ஏற்றிவிட்டுப் பழகலாம்.

டிஜிட்டலுக்கு மாறுமுன் இன்னொரு வழியையும் யோசியுங்கள். சுத்தியலைக் கம்பியில் படுமுன் தடுத்து, கட்டைகளின் அசைவை உணரிகளால் அறிந்து ஹெட்போனுக்கு ஒலி அனுப்பும் ‘சைலண்ட்’ அமைப்பை யமஹா 1993 முதல் விற்கிறது. வேறு சில அமைப்புகளை ஏற்கெனவே உள்ள பியானோவிலும் பொருத்த முடியும். ஆனால் கட்டை மோதும் சத்தம் இதிலும் இருக்கும், டிஜிட்டலிலும் இருக்கும். கம்பளம் இல்லாமல் எதை வாங்கினாலும் மாமிக்கு உரல் சத்தம்தான்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம்; குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபல்தான் வரம்பு, பகலில் 55. என் யோசனை, சாப்பாட்டுக்கு முன்பே அரைமணி வாசித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் மூடியைச் சாத்திவிட்டு, மடியில் நோட்டேஷனை வைத்துக்கொண்டு படியுங்கள்.

மழைக்காலம் முடிந்து சுருதி சேர்ப்பவர் வரும்போது, மேல் மூடியைத் திறந்து அந்த ஃபெல்ட் பட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். சுத்தியல்கள் பட்டுப்பட்டு வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.